டிரைவால் மூடுறதுக்கு முன்னாடி

போன எபிசோடுல கோடு ரிவ்யூ பத்திப் பேசிட்டு இருந்தப்போ, "வீட்டுக்கும் ஒரு கோடு ரிவ்யூ இருக்கு, நியூஸ்லெட்டர்ல எழுதறேன்"னு வாய்விட்டுட்டேன். வந்த மெயில்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: புது வீடு வாங்கப் போறோம், பில்டர் ஒழுங்கா கட்டுறாரான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நான் சிவில் இன்ஜினியர் இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சிட்டு கான்ட்ராக்ட்ல கோடு எழுதறவன். ஆனா இந்த விஷயத்துல 5,000 டாலர் தொலைச்சவன். அந்தத் தகுதியில எழுதறேன்.

ஹூஸ்டன்ல இருக்கறவங்களுக்கு ஹில்கிராஃப்ட் ரோடு தெரியும். 2010 ஜனவரியில அந்தப் பகுதிக்கு மகாத்மா காந்தி மாவட்டம்னு அதிகாரப்பூர்வமா பேர் வச்சாங்க. தெருப் பலகையிலேயே எழுதியிருக்கும். சனிக்கிழமை டிபன், நகைக்கடை, மளிகைன்னு நம்ம ஊர் சனம் மொத்தமும் அங்கதான். மளிகைக் கடை வாசல்ல இலவசப் பத்திரிகை அடுக்கி வச்சிருப்பாங்க இல்லையா, அதுக்குப் பக்கத்துல புது கம்யூனிட்டி விளம்பரம் குவிஞ்சு கிடக்கும். கேட்டி, சுகர்லேண்ட், பேர்லேண்ட். கிரானைட் மேடை, எட்டடிக் கதவு, மீடியா ரூம். இதுவரைக்கும் ஒரு விளம்பரத்துலகூட அஸ்திவாரத்தோட படத்தை நான் பார்த்ததில்லை.

நாங்களும் அப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்துத்தான் போனோம். ஃபோர்ட் பெண்ட் கவுண்டி, எந்த நகர எல்லைக்கும் உள்ள வராத இடம். லாட் எண் 41. மனைவிக்கு சமையலறை ஜன்னல் பிடிச்சுப் போச்சு, எனக்கு ஆபீஸ் ரூம் பிடிச்சுப் போச்சு, 10,000 டாலர் எர்னஸ்ட் மணி கட்டிக் கையெழுத்துப் போட்டோம். ஊர்லேர்ந்து வந்திருந்த அப்பா மட்டும் சைட்ல குனிஞ்சு ஒரு கட்டி மண்ணை எடுத்து உடைச்சுப் பார்த்தார். "இது நம்ம கரிசல்தானடா?"ன்னார்.

அவர் சொன்னது கிட்டத்தட்ட அறிவியல்பூர்வமாகவே சரி. எங்க ஊர் கோவில்பட்டிப் பக்கம். கோடையில தரை வாய் பிளந்து கிடக்கும், கையே உள்ள போகும். மழை பெஞ்சா அதே மண்ணு ஊதிப்போய் காலை விடாது. மண் அறிவியல்ல இதுக்கு வெர்ட்டிசால்னு பேர். ஹூஸ்டனைச் சுற்றி இருக்கற லேக் சார்ல்ஸ் களிமண்ணும் அதே வெர்ட்டிசால் வகைதான். (வேடிக்கை என்னன்னா, டெக்சாஸோட மாநில மண்ணுக்கே 'ஹூஸ்டன் பிளாக்'னுதான் பேர், ஆனா அது அதிகமா கிடக்கறது டல்லாஸ், ஆஸ்டின் பக்கம்.) தண்ணி குடிச்சா வீங்கும், காய்ஞ்சா சுருங்கும். அது மேல ஒரு கான்கிரீட் தட்டைப் போட்டு வீட்டை வச்சா, தட்டோட ஓரம் ஒரு மாதிரியும் நடுப்பகுதி வேற மாதிரியும் அசையும். 2011 வறட்சிக்கு அப்புறம் இந்த ஊர்ல அஸ்திவாரம் ரிப்பேர் பண்ற கம்பெனிக்கெல்லாம் நல்ல வேட்டை.

இந்தியாவுல கரிசல் மண்ணுக்குன்னே ரூர்க்கியில இருக்கற மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஒரு வழி கண்டுபிடிச்சது. ஆழமா துளை போட்டு, அடியில குடை விரிச்ச மாதிரி அகலமாக்கி கான்கிரீட் நிரப்புவாங்க. ஹூஸ்டன்லயும் பெரிய வீடுகளுக்கு இதே மாதிரி மணி வடிவ அடிக்கால் உண்டு. ஆனா மொத்தமா கட்டி விக்கிற கம்யூனிட்டி வீடுகள்ல பெரும்பாலும் போஸ்ட் டென்ஷன் தளம்தான். கான்கிரீட்டுக்குள்ள பிளாஸ்டிக் உறை போட்ட எஃகுக் கேபிள்களை ஓட விடுவாங்க. கான்கிரீட் இறுகினதும் சில நாள் கழிச்சு ஒவ்வொரு கேபிளையும் ஜாக் வச்சு சுமார் 33,000 பவுண்டு விசையில இழுத்துப் பூட்டுவாங்க. தளம் முழுசும் அந்த இறுக்கத்துலதான் ஒரே துண்டா நிக்கும். சரியாச் செஞ்சா அருமையான தொழில்நுட்பம். ஆனா சரியாச் செஞ்சாங்களான்னு கான்கிரீட் ஊத்தினதுக்கு அப்புறம் யாராலும் பார்க்க முடியாது. ரெப்போசிட்டரியை அழிச்சிட்டு பைனரியை மட்டும் கையில கொடுக்கற மாதிரி.

அதனால முதல் ரிவ்யூ, கான்கிரீட் ஊத்தறதுக்கு முந்தின நாள். நம்ம செலவுல, நாம கூப்பிட்ட ஆள் வரணும். டெக்சாஸ்ல வீட்டு இன்ஸ்பெக்டர்களுக்கு லைசன்ஸ் கொடுக்கறது மாநில ரியல் எஸ்டேட் கமிஷன். பேரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். இன்ஜினியர் முத்திரை வச்ச அஸ்திவார வரைபடத்தையும் மண் பரிசோதனை ரிப்போர்ட்டையும் பில்டர்கிட்ட முன்னாடியே கேட்டு வாங்கிடுங்க. தரமாட்டேன்னு சொன்னா அதுவே ஒரு பதில்தான். வரைபடத்துல இருக்கற கேபிள் எண்ணிக்கையும் தரையில கிடக்கற எண்ணிக்கையும் ஒண்ணான்னு எண்ணணும். கேபிள் மண்ணுல படுத்திருக்கக் கூடாது. சின்னச் சின்ன பிளாஸ்டிக் நாற்காலி மேல உட்கார்ந்திருக்கணும். உறை கிழிஞ்சிருந்தா டேப் சுத்தியிருக்கணும், ஏன்னா அந்த வழியா தண்ணி போனா எஃகு துருப்பிடிக்கும். பள்ளம் தோண்டின பீம்கள்ல சேறும் தண்ணியும் நிக்கக் கூடாது. இதெல்லாம் இன்ஜினியரிங் டிகிரி இல்லாத கண்ணுக்கே தெரியற விஷயம். போனை எடுத்து நூறு படம் புடிச்சு வச்சுக்கோங்க, ஓரத்துல லாட் எண் பலகை தெரியற மாதிரி. அந்தப் பலகை ஏன்னு பின்னாடி சொல்றேன்.

எங்களுக்கு அந்த ரிவ்யூ கிடைக்கலை. வியாழக்கிழமை ஊத்தப் போறோம்னு சொன்னாங்க, நான் புதன்கிழமைக்கு இன்ஸ்பெக்டரை ஏற்பாடு பண்ணியிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில ஆபீஸ் போற வழியில எட்டிப் பார்த்தா, தளம் பளபளன்னு காய்ஞ்சிட்டு இருக்கு. மழை வர்றதா சொன்னாங்க சார், அதான் முந்திட்டோம்னு சேல்ஸ் பொண்ணு சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு. "கவலைப்படாதீங்க, இன்ஸ்பெக்ஷன் எல்லாம் பாஸ் ஆயிடுச்சு." யாரு பாஸ் பண்ணினதுன்னு கேட்டேன். சிட்டின்னு சொல்லுச்சு. அங்க ஏதும்மா சிட்டி?

இதை எல்லாரும் தெரிஞ்சுக்கணும். டெக்சாஸ்ல வீடு கட்டுற பில்டருக்கு மாநில லைசன்ஸ்னு ஒண்ணு கிடையாது. எலக்ட்ரீஷியனுக்கு உண்டு, பிளம்பருக்கு உண்டு, ஏ.சி. போடறவருக்கு உண்டு, முடி வெட்டுறவருக்குக்கூட உண்டு. ஒருகாலத்துல டெக்சாஸ் குடியிருப்புக் கட்டுமான ஆணையம்னு ஒண்ணு இருந்தது, 2003-ல ஆரம்பிச்சாங்க. வீடு வாங்கினவங்க கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அது வழியாத்தான் போகணும். பில்டர்களைக் காப்பாத்தத்தான் அது இருக்குன்னு ஜனங்க திட்டிக்கிட்டே இருந்தாங்க. மாநிலத்தோட மறுஆய்வுக் குழு அதிகாரிகளே இதைக் கலைச்சிடலாம்னு பரிந்துரை பண்ணினாங்க. 2009-ல சட்டமன்றம் அதைப் புதுப்பிக்காம விட்டுடுச்சு. அதுக்குப் பதிலா வேற ஒண்ணு வரலை.

நகர எல்லைக்கு வெளியே, அந்த முறையை ஏத்துக்கிட்ட கவுண்டிகள்ல, புது வீட்டுக்கு மூணு கட்ட ஆய்வு உண்டு: கான்கிரீட் ஊத்தறதுக்கு முன்னாடி, சுவரை மூடுறதுக்கு முன்னாடி, முடிஞ்சப்புறம். ஆனா அந்த இன்ஸ்பெக்டரை வேலைக்கு வைக்கறது பில்டரே. டெவலப்பரே டெஸ்ட் எழுதி, டெவலப்பரே ஓட்டி, டெவலப்பரே பச்சை டிக் போட்ட பில்டு எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?

மத்த ஊர்க்காரங்களுக்கு ஒரு வார்த்தை. நியூ ஜெர்சியில 1977-ல வந்த சட்டப்படி பில்டர் மாநிலத்துல பதிவு பண்ணியிருக்கணும், புது வீட்டுக்கு வாரண்டி கொடுத்தே ஆகணும். பெரிய கட்டமைப்புக் குறைக்கு பத்து வருஷம். கலிஃபோர்னியாவுல கான்ட்ராக்டர் லைசன்ஸ் போர்டு இருக்கு, எண்ணைப் போட்டா புகார் வரலாறு வரைக்கும் பார்க்கலாம். ஆனா லைசன்ஸ் இருந்துட்டா எல்லாம் சரின்னு பே ஏரியா நண்பர்கள் நிம்மதியா தூங்கிட வேண்டாம். 2009-ல திறந்த சான் ஃபிரான்சிஸ்கோ மில்லினியம் டவர், 58 மாடி, ஒருபக்கமா சாய்ஞ்சு இறங்கிட்டு இருக்குன்னு 2016-ல வெளிய தெரிஞ்சது. அதோட தூண்கள் பாறை வரைக்கும் போகலை. மில்லியன் கணக்குல கொடுத்து வாங்கின மக்கள் அவங்க.

டெக்சாஸுக்கே திரும்புவோம். இங்க வாங்கறவங்களுக்கு இருக்கற பாதுகாப்பெல்லாம் கோர்ட் வழியா வந்ததுதான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சிட்டு வருது. ஹம்பர்ங்கிற ஒரு விதவைப் பெண்மணி புது வீடு வாங்கினாங்க. கணப்பு அடுப்பை முதல் தடவை பத்த வச்ச அன்னைக்கே வீடு தீப்பிடிச்சது. வாங்கறவர்தான் பார்த்து வாங்கணும்னு பில்டர் வாதாடினார். 1968-ல டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிடுச்சு. புது வீட்டை விக்கிறவர், வேலையை ஒழுங்கா செஞ்சிருக்கேன், வீடு வாழத் தகுந்ததுன்னு வாய்திறந்து சொல்லாட்டியும் உத்தரவாதம் கொடுத்ததாத்தான் அர்த்தம்னு தீர்ப்பு. ஆனா 2002-ல அதே நீதிமன்றம், ஒப்பந்தத்துல வேலைத் தரத்தைப் பத்தி தெளிவா வேற உத்தரவாதம் எழுதியிருந்தா, 'ஒழுங்கான வேலை'ங்கிற அந்த எழுதாத உத்தரவாதத்துக்குப் பதிலா அது நிக்கும்னு சொல்லிடுச்சு. அதனால்தான் வாரண்டிப் புத்தகம் அவ்வளவு தடிமன். 2023-ல இன்னொரு சட்டம் வந்தது (பேர் ஹவுஸ் பில் 2024, குழம்பாதீங்க). பில்டர் எழுத்துல 1-2-6 வாரண்டி கொடுத்தா, அதாவது வேலைத் தரத்துக்கு ஒரு வருஷம், பிளம்பிங் எலக்ட்ரிக்கலுக்கு ரெண்டு, கட்டமைப்புக்கு ஆறு, அவர்மேல வழக்குப் போடறதுக்கான வெளி எல்லை பத்து வருஷத்துலேர்ந்து ஆறா குறையும். களிமண் வீட்டுல ஆறு வருஷங்கிறது ரெண்டு வறட்சி, ரெண்டு வெள்ளம். அஸ்திவாரம் தன்னோட குணத்தைக் காட்ட ஆரம்பிக்கற நேரம்.

ஒப்பந்தத்துல ஆர்பிட்ரேஷன்னு ஒரு பிரிவு இருக்கும், அதையும் படிங்க. கோர்ட், ஜூரி எதுவும் கிடையாது, தனியார் நடுவர்தான்னு அர்த்தம். பெரிய பில்டர்கள்கிட்ட அதை மாத்த முடியாது, நான் கேட்டுப் பார்த்துட்டேன். குறைந்தபட்சம் மூணு விஷயத்தை எழுத்துல வாங்கப் பாருங்க: கான்கிரீட்டுக்கு முன்னாடியும் டிரைவாலுக்கு முன்னாடியும் நம்ம இன்ஸ்பெக்டருக்கு அனுமதி, தேதி மாறினா 48 மணி நேரத்துக்கு முன்னாடி தகவல், அப்படித் தகவல் சொல்லாம மூடிட்டா எர்னஸ்ட் மணி திரும்பக் கிடைக்கும்ங்கிறது. என்கிட்ட முதல் ரெண்டு இருந்தது. மூணாவது இல்லை.

ரெண்டாவது ரிவ்யூ, டிரைவால் மூடுறதுக்கு முன்னாடி. இதை மட்டும் விட்டுடாதீங்க. எலும்பு, நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் வெளிய தெரியற ஒரே வாரம். எங்க இன்ஸ்பெக்டருக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும், முன்னாடி மரச்சட்டம் அடிக்கிற வேலை பார்த்தவர். நாலு மணி நேரம் டார்ச்சோட சுத்தினார். பிளம்பர் பைப்பை ஓட்டறதுக்காக பாரம் தாங்கற சட்டத்துல முக்காவாசியை வெட்டியிருந்தார். ஜன்னலுக்கு மேல மழைத்தாள் கீழ்த்தாளுக்கு அடியில செருகியிருந்தது. ஓட்டு வீட்டுல மேல் ஓடு கீழ் ஓட்டுக்கு மேலதானே படியணும்? இங்க தலைகீழா இருந்தா தண்ணி நேரா சுவருக்குள்ளதான் போகும். கூரையையும் சுவரையும் பிணைக்கற இரும்புப் பட்டை ரெண்டு இடத்துல ஆணியே இல்லாம தொங்கிட்டு இருந்தது, புயல் அடிக்கிற ஊர்ல. மொத்தம் 23 குறை.

இதுக்குப் பயப்படத் தேவையில்லைன்னு அவரே சொன்னார். எந்த வீட்டுலயும் இருபது குறை இருக்கும். ரிப்போர்ட்டைக் கொடுத்தப்புறம் பில்டர் என்ன செய்றாருன்னுதான் பார்க்கணும். பில்டரோட தரத்தை எடைபோட இதைவிட நல்ல வழியை நான் இன்னும் பார்க்கலை. மாடல் வீட்டைப் பார்த்தெல்லாம் ஒண்ணும் தெரியாது, அது டெமோ பில்டு. அதே பில்டர் ஐந்தாறு வருஷத்துக்கு முன்னாடி கட்டின தெருவுல ஒரு சாயங்காலம் நடந்து பாருங்க. செங்கல் சுவர்ல படிக்கட்டு மாதிரி ஏறுற விரிசல், கராஜ் கதவுக்கு மேல பிளவு, தளத்து ஓரம் தெரியாத அளவுக்கு மண் ஏறியிருக்கறது, வீட்டை நோக்கிச் சரியற தரை. சுவரை ஒட்டின முதல் பத்தடியில தரை ஆறு அங்குலம் இறங்கியிருக்கணும்னு கட்டடக் கோடே சொல்லுது. வாசல்ல நிக்கறவங்ககிட்ட வாரண்டிக்குக் கூப்பிட்டா வர்றாங்களான்னு கேளுங்க. நம்ம சனம் அரைமணி நேரம் பேசும்.

எங்க பில்டர் 23-ல 20 சரி பண்ணினார், நியாயமா சொல்லணும்னா நல்லாவே பண்ணினார். மீதி மூணும் சின்ன விஷயம். என்னை உறுத்தினது தளம்தான். கான்கிரீட்டுக்கு முன்னாடி அவங்க இன்ஸ்பெக்டர் கொடுத்த ரிப்போர்ட்டைக் கேட்டேன். மூணு வாரம் கழிச்சு பி.டி.எஃப் வந்தது. முகப்புல லாட் 41, தேதி சரி, கையெழுத்து சரி. ஆறு படம். நாலாவது படத்தைப் பெரிசாக்கினேன், பழக்கதோஷம். பின்னாடி ஒரு மரக்குச்சியில லாட் பலகை மங்கலா தெரியுது. 17.

எழுத்துப் பிழை, தப்பான படம் சேர்ந்துடுச்சுன்னாங்க. ரெண்டு நாள்ல வேற பி.டி.எஃப் வந்தது. அதுல எந்தப் படத்துலயும் பலகையே இல்லை. அவங்க சொன்னது உண்மையாவும் இருக்கலாம், நான் அப்பவும் அதை மறுக்கலை. தளம் அருமையாகூட இருக்கலாம். ஆனா 30 வருஷக் கடனுக்கு, கரிசல் மண்ணு மேல, கேபிளை யாரும் பார்க்கலைன்னு தெரிஞ்ச பிறகு என்னால கையெழுத்துப் போட முடியலை.

வீட்டுல ரெண்டு வாரம் சண்டை. வாடகை வீட்டு லீஸ் முடியப் போகுது, மனைவிக்கு ஆறாம் மாசம். பால் காய்ச்ச நாள்கூட குறிச்சாச்சு. "ஒரு பலகைக்காக வீட்டை விடுவியா?"ன்னு கேட்டா. அவ கேட்டதுல தப்பே இல்லை. கடைசியில அப்பா ஊருக்குப் போறதுக்கு முந்தின நாள் ராத்திரி அவளே சொன்னா: விட்டுடலாம், இங்க ஒவ்வொரு விரிசலையும் பார்த்து நீ தூங்க மாட்டே, நானும் தூங்க மாட்டேன். 48 மணி நேரத் தகவல் மீறினதைச் சுட்டிக்காட்டி கடிதம் எழுதினோம். இழுபறிக்கு அப்புறம் பாதிப் பணம் வந்தது. மீதி 5,000 போச்சு.

சென்னையில அப்பா அம்மாவுக்கு ஃபிளாட் பார்த்துட்டு இருக்கறவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன். 2014 ஜூன் 28, மௌலிவாக்கம். கட்டிட்டு இருந்த 11 மாடிக் கட்டடம் ஒரு மழை சாயங்காலத்துல சரிஞ்சு 61 பேர் செத்தாங்க. பக்கத்துல நின்ன இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர்ல வெடி வச்சுத் தகர்த்தாங்க. அந்த 2016-லயே வந்த ரெரா சட்டப்படி, வீட்டை ஒப்படைச்சு ஐந்து வருஷத்துக்குள்ள கட்டமைப்புக் குறை தெரிஞ்சா பில்டர் தன் செலவுல சரி பண்ணணும். தமிழ்நாடு ரெரா தளத்துல பதிவு எண்ணைப் பார்க்காம ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

நாங்க இப்போ இருக்கறது வேற கம்யூனிட்டி, சமையலறை ஜன்னல் சின்னதுதான். கான்கிரீட்டுக்கு முன்னாடி எடுத்த 140 படம் கிளவுட்ல இருக்கு. குடி வந்த வாரமே ஒரு ஆளைக் கூப்பிட்டு தளத்தோட ஏற்ற இறக்கத்தை அறை அறையா அளந்து வச்சாச்சு. பின்னாடி வீடு அசைஞ்சுதா இல்லையான்னு வழக்கு வந்தா, ஆரம்ப அளவு இல்லாம யாராலும் நிரூபிக்க முடியாது. ஆறு மாசத்துக்கு ஒருதடவை நானே திரும்ப அளக்கறேன். ஸ்ப்ரெட்ஷீட்டைப் பார்த்து மனைவி சிரிக்கறா.

லாட் 41 அடுத்த மாசமே வித்துப் போச்சு. போன மார்கழியில அந்த வழியா போனப்போ வாசல்ல கோலம் போட்டிருந்தது. ரெண்டு தடவை கார்ல சுத்திட்டு, மூணாவது சுத்துல நிறுத்திட்டேன். கதவைத் திறந்தவருக்கு என்னைவிட அஞ்சாறு வயசு கம்மியா இருக்கும், மதுரைப் பேச்சு. யாரோ ஒருத்தன் வந்து உங்க வீட்டைப் பத்தி ஒரு விஷயம்னு சொன்னா எப்படி இருக்கும்? ஆனாலும் உள்ள கூப்பிட்டு காபி கொடுத்தார். சுவரெல்லாம் நல்லாத்தான் இருந்தது. நான் ரெண்டு பி.டி.எஃப்பையும் எங்க இன்ஸ்பெக்டரோட ரிப்போர்ட்டையும் மெயில்ல அனுப்பினேன். முதல் வருஷ வாரண்டி முடியறதுக்கு முன்னாடி, 11-வது மாசம் ஒரு தனி இன்ஸ்பெக்ஷன் வைங்க, தளத்தையும் அளக்கச் சொல்லுங்க, குறை இருந்தா எழுத்துல கொடுங்கன்னு எழுதினேன். வழக்குன்னு வந்தா 60 நாள் முன்னாடி எழுத்துல நோட்டீஸ் கொடுத்திருக்கணும், அதனால எல்லாத்தையும் எழுத்துலயே வச்சுக்கோங்கன்னும் சேர்த்தேன்.

நாலு நாள் பதில் இல்லை. அஞ்சாவது நாள் ஒரே வரி வந்தது: "ப்ரோ, இன்னையோட பத்து மாசம் ஆயிடுச்சு, உங்க இன்ஸ்பெக்டர் நம்பர் இருக்கா?"